போர் முடிந்தும் ஏன் அகதி? கங்கைகொண்டான் முகாமிலிருந்து உலகக் கணக்கு வரை

திருநெல்வேலியில் கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். கோவில்பட்டிப் பக்கம் ஊர். கங்கைகொண்டான் வழியாகத்தான் தினமும் பஸ்ஸில் வருகிறார். அங்கேயுள்ள இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து ஒரு பெண் அவர் வகுப்பில் படிக்கிறாள். அவருடைய கேள்வி இது: "இலங்கையில் போர் 2009லேயே முடிந்துவிட்டது. முகாமில் இருப்பவர்களிடம் ஆதார் இருக்கிறது, பாதிப் பேர் இங்கேயே பிறந்தவர்கள். அப்புறமும் ஏன் அகதி? அகதிக்கும், தஞ்சம் கோருபவருக்கும், வளைகுடாவுக்குப் பிழைக்கப் போனவருக்கும் என்ன வித்தியாசம்? உலக அகதிகள் எல்லாரும் ஐரோப்பாவுக்குத்தான் போகிறார்களா? அந்தப் பெண்ணுக்குக் குடியுரிமை கிடைக்குமா?"

நான் பாளையங்கோட்டையில் வக்கீல் தொழில் செய்கிறவன். முகாம்காரர்களின் பிறப்புச் சான்று, பாஸ்போர்ட் சம்பந்தப்பட்ட காகிதங்கள் அவ்வப்போது என் மேஜைக்கு வரும். தெரிந்த அளவுக்குச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

முதலில் வளைகுடாவை எடுத்துக்கொள்வோம், அது நம் ஊர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். 1990 ஆகஸ்டில் சதாம் உசேனின் படை குவைத்துக்குள் நுழைந்தது. அங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்த இந்தியர்களுக்கு வேலை போனது, சேமிப்பு போனது, பலருக்கு மாற்றுத் துணி கூட இல்லை. பாலைவனத்தைக் கடந்து ஜோர்டான் போய்ச் சேர்ந்தார்கள். அம்மானிலிருந்து ஏர் இந்தியா விமானங்கள் இரண்டு மாதம் ஓயாமல் பறந்து ஏறத்தாழ 1,70,000 பேரைக் கொண்டுவந்து சேர்த்தன. அவர்கள் பட்ட பாடு சின்னப் பாடு இல்லை. ஆனாலும் அவர்களை யாரும் அகதி என்று எழுதவில்லை. கூப்பிட்டுக்கொள்ள அவர்களுக்கு ஒரு நாடு இருந்தது.

அதே குவைத்தில் அதே சமயம் லட்சக்கணக்கான பாலஸ்தீனியர்களும் இருந்தார்கள். நம் ஆட்களைப் போலவே ஆசிரியர், பொறியாளர், கணக்கர் என்று வேலை பார்த்தவர்கள். போரை ஒட்டி அவர்களும் வெளியேற வேண்டி வந்தது. போய் இறங்கச் சொந்தமாக ஒரு நாடு இல்லை. ஒருமுறை அகதியானவர்கள் இன்னொருமுறையும் அகதியானார்கள். சம்பவம் ஒன்றுதான், வேலையும் சம்பளமும் கூட ஏறக்குறைய ஒன்றுதான். ஒருவனுக்குப் பின்னால் அவன் அரசு நின்றது, மற்றவனுக்கு அப்படி ஒன்று இல்லை. வறுமையோ பயணமோ ஒருவனை அகதி ஆக்குவதில்லை. சொந்த அரசு கைவிட்டுவிட வேண்டும், அல்லது அந்த அரசே துரத்த வேண்டும்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு 1951 ஜூலையில் ஜெனீவாவில் அகதிகள் உடன்படிக்கை உருவானது. இனம், மதம், தேசியம், ஒரு குறிப்பிட்ட சமூகப் பிரிவைச் சேர்ந்திருத்தல், அரசியல் கருத்து என்ற ஐந்து காரணங்களில் ஒன்றுக்காகத் துன்புறுத்தப்படுவோம் என்ற நியாயமான அச்சத்தால் நாட்டுக்கு வெளியே இருப்பவர், அந்த நாட்டின் பாதுகாப்பைப் பெற முடியாதவர் அல்லது அச்சத்தால் பெற விரும்பாதவர், அவர்தான் அகதி. ஆரம்பத்தில் அது 1951க்கு முன் நடந்தவற்றால் ஓடிவந்தவர்களுக்கு மட்டும், முக்கியமாக ஐரோப்பியர்களுக்காக எழுதப்பட்டது. ஐ.நா. அகதிகள் ஆணையத்துக்கே முதலில் மூன்று வருட ஆயுள்தான் குறித்திருந்தார்கள். மூன்று வருடத்தில் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நிஜமாகவே நம்பியிருக்கிறார்கள்! 1967ல் ஒரு நெறிமுறை கொண்டுவந்து அந்தக் கால வரம்பையும் இட வரம்பையும் நீக்கினார்கள். உடன்படிக்கையின் உயிர்நாடி 33வது பிரிவு. ஆபத்து காத்திருக்கும் இடத்துக்கு ஓர் அகதியைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது அது.

இந்த ஐந்து காரணங்களில் பசி இல்லை, வெள்ளம் இல்லை, அணை இல்லை என்பதைக் கவனியுங்கள். 2022ல் இலங்கையில் பொருளாதாரம் விழுந்தபோது, அரிசியும் பால்மாவும் வாங்க முடியாமல் மன்னார், வவுனியாப் பக்கமிருந்து சில நூறு பேர் படகில் தனுஷ்கோடி மணல்திட்டில் வந்து இறங்கினார்கள். மண்டபத்தில் தங்க வைத்தார்கள். ஆனால் இவர்களை அகதி என்று பதிவதா வேண்டாமா என்று அரசு தயங்கியது. உடன்படிக்கையை எழுத்து எழுத்தாகப் படித்தால் அந்தத் தயக்கம் புரியும். கைக்குழந்தையோடு மணலில் நிற்கும் ஒரு பெண்ணைப் பார்த்தால் புரியாது. அவளுடைய ஊர் ஏன் அவ்வளவு ஏழையாக இருந்தது என்று கேட்டால், முப்பது வருடப் போர் குறுக்கே வந்து நிற்கும். நிஜ வாழ்க்கையில் காரணங்கள் இப்படிப் பின்னிக்கொண்டுதான் கிடக்கின்றன. தனித்தனியாகப் பிரித்துப் பார்ப்பதெல்லாம் அதிகாரியின் மேஜையில்தான்.

2023 டிசம்பரில் நம் மாவட்டத்திலும் தூத்துக்குடியிலும் பெய்த மழை ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி ஓரத்துக் கிராமங்கள் பள்ளிக்கூடத்திலும் கல்யாண மண்டபத்திலும் கிடந்தன. அவர்கள் இடம்பெயர்ந்தவர்கள், அகதிகள் இல்லை. 'காலநிலை அகதி' என்று பத்திரிகைகள் எழுதுகின்றன, உடன்படிக்கையில் அப்படி ஒரு வகை கிடையாது. மாஞ்சோலையும் அப்படித்தான். சிங்கம்பட்டி ஜமீன் 1929ல் ஒரு கம்பெனிக்கு 99 வருடக் குத்தகைக்கு விட்ட மலை அது. நாலு தலைமுறையாகத் தேயிலை பறித்த குடும்பங்களை 2024ல் விருப்ப ஓய்வுக் காகிதத்தில் கையெழுத்து வாங்கிக் கீழே இறங்கச் சொன்னார்கள். "நாங்க சொந்த நாட்டுலயே அகதி" என்று அவர்கள் சொன்னபோது எனக்கு மறுத்துப் பேச மனம் வரவில்லை. ஆனால் சட்டப்படி அவர்களுக்கு வாக்கு இருக்கிறது, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்குப் போட முடிகிறது, கலெக்டரிடம் போய் வீடு கேட்க முடிகிறது. முகாம்காரருக்கு இதில் முதலாவது இல்லை, மூன்றாவதைக் கேட்கும்போது குரல் தணிந்துவிடும்.

நாட்டு எல்லையைத் தாண்டாமல் உள்ளேயே ஓடுகிறவர்களை உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர் என்கிறார்கள். செய்திகளில் இவர்கள் அதிகம் வருவதில்லை, எண்ணிக்கையில் இவர்கள்தான் அதிகம். 2024 முடிவில் போர், வன்முறை, துன்புறுத்தல் காரணமாக வீட்டைவிட்டு விரட்டப்பட்டவர்கள் உலகம் முழுக்க 12.32 கோடி என்று ஐ.நா. அகதிகள் ஆணையம் கணக்கிட்டது. அதில் 7.35 கோடிப் பேர் சொந்த நாட்டுக்குள்ளேயே அலைகிறவர்கள். 4.27 கோடிப் பேர் அகதிகள். தஞ்சம் கோரி முடிவுக்காகக் காத்திருப்போர் 84 லட்சம்.

தஞ்சம் கோருபவர் என்பவர் வேறு ஜாதி இல்லை, அதே வரிசையில் முடிவுக்காகக் காத்து நிற்கிறவர். "நான் அகதி, எனக்குப் பாதுகாப்புக் கொடு" என்று ஒரு நாட்டில் மனுக் கொடுத்துவிட்டார், அந்த நாடு இன்னும் ஆம் இல்லை என்று சொல்லவில்லை. அவ்வளவுதான். ஏற்றுக்கொண்டால் அகதி. நிராகரித்தால் மேல்முறையீடு, அதுவும் போனால் நாடுகடத்தல். லண்டனிலோ டொராண்டோவிலோ இருக்கும் இலங்கைத் தமிழரிடம் பேசினால் 'கேஸ்' என்ற சொல் அடிக்கடி வரும். கேஸ் போட்டாச்சு, கேஸ் ரிஜெக்ட், கேஸ் இன்னும் இழுக்குது என்பார்கள். அந்தக் கேஸ் என்பது பெரும்பாலும் ஒரு அறையில் ஓர் அதிகாரியோடும் மொழிபெயர்ப்பாளரோடும் நடக்கும் நேர்காணல்தான். எந்தத் தேதியில் பிடித்தார்கள், எத்தனை பேர் வந்தார்கள், சீருடை என்ன நிறம், தழும்பு எங்கே என்று கேட்பார்கள். முதல் நேர்காணலில் செவ்வாய் என்றும் அடுத்ததில் புதன் என்றும் சொல்லிவிட்டால் "முரண்பாடு" என்று எழுதிவிடுவார்கள். நீதிமன்றத்தில் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், போன மாதம் நடந்த பைக் விபத்தையே நம் ஆட்களால் தேதி பிசகாமல் சொல்ல முடிவதில்லை. அடி வாங்கியவனிடம் நாள்காட்டி கேட்கிறார்கள். பிரிட்டனில் இந்த முடிவு வரும்வரை பொதுவாக முதல் 12 மாதம் வேலைக்கும் போக முடியாது.

'சட்டவிரோதமாக வந்தவன்' என்று திட்டுகிறார்களே, அதற்கும் ஒரு வார்த்தை. அகதி விசா என்று பெரும்பாலான நாடுகளின் தூதரகங்களில் வாங்க முடியாது. ஒரு நாட்டில் தஞ்சம் கேட்க வேண்டுமானால் பெரும்பாலும் அந்த நாட்டு மண்ணில் கால் வைத்தாக வேண்டும், கால் வைக்க வழி கொடுக்க மாட்டார்கள். அதனால்தான் படகு, ஏஜென்ட், கள்ளப் பாஸ்போர்ட் எல்லாம் வருகின்றன. 1951ல் எழுதியவர்களுக்கும் இது தெரியும். ஆபத்திலிருந்து நேராக வந்து, தாமதிக்காமல் அதிகாரிகளிடம் தன்னை ஒப்படைத்து, தக்க காரணமும் காட்டுகிற அகதியை, நுழைந்த முறைக்காகத் தண்டிக்கக் கூடாது என்று 31வது பிரிவில் எழுதி வைத்தார்கள்.

படகு என்றதும் ஒரு கதை. 2021 அக்டோபரில் கனடாவை நோக்கிப் போன இலங்கைத் தமிழர் படகு ஒன்று இந்துமாக்கடல் நடுவில் தத்தளித்து, பிரிட்டனின் வசமுள்ள டியேகோ கார்சியா தீவில் கரையேற்றப்பட்டது. அது அமெரிக்க ராணுவத் தளம் இருக்கும் தீவு. அங்கே தஞ்சம் கோரினார்கள். கூடாரத்தில் எலிகளோடு மூன்று வருடம். அந்தத் தீவில் தஞ்சம் கேட்ட முதல் ஆட்களே இவர்கள்தான், என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. 2024 டிசம்பரில்தான் பெரும்பாலோரைப் பிரிட்டனுக்குக் கூட்டிப் போனார்கள். அடைத்து வைத்திருந்ததே சட்டவிரோதம் என்று அதே மாதம் நீதிமன்றம் சொன்னது.

இப்படிப்பட்ட படகுகளைத்தான் தொலைக்காட்சி காட்டும். அதனால் தம்பியைப் போலப் பலருக்கும் அகதி என்றால் ஐரோப்பா என்று பதிந்துபோயிருக்கிறது. கணக்கு வேறு மாதிரி. அகதிகளில் 67 சதவீதம் பேர் பக்கத்து நாட்டைத் தாண்டவில்லை. 73 சதவீதம் பேர் இருப்பது ஏழை நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும். 2024 முடிவில் அதிக அகதிகளை வைத்திருந்த நாடு ஈரான், சுமார் 35 லட்சம், ஏறத்தாழ எல்லாரும் ஆப்கானியர். அடுத்து துருக்கி 29 லட்சம், கொலம்பியா 28 லட்சம். ஜெர்மனி நான்காவது, 27 லட்சம். ஐந்தாவது உகாண்டா. உகாண்டா பணக்கார நாடு இல்லை, ஆனாலும் 2006ல் சட்டம் இயற்றி அகதிக்கு வேலை செய்யும் உரிமையும் நடமாடும் உரிமையும் கொடுத்திருக்கிறது. பயிர் வைக்கத் துண்டு நிலமும் கொடுத்துப் பார்க்கிறது. சூடானில் 2023 ஏப்ரலில் இரண்டு தளபதிகளுக்குள் சண்டை தொடங்கியது, 2024 முடிவில் வீடிழந்த சூடானியர் மொத்தம் 1.43 கோடி ஆனார்கள், இன்றைக்கு உலகின் பெரிய இடப்பெயர்வு அதுதான். அவர்கள் போய்ச் சேர்ந்தது பாரிஸுக்கு அல்ல. பெரும்பாலோர் சூடானுக்குள்ளேயே வேறு ஊர், மற்றவர்கள் சாட், எகிப்து, தென்சூடான்.

ஏன் பக்கத்து நாடு? ஓடுகிறவனுக்கு முதலில் தேவை அடுத்த வேலி. காசு தீரும் இடத்தில் பயணம் நின்றுவிடும். திரும்பிப் போய்விடலாம் என்ற நினைப்பும் தூரத்தைக் குறைக்கும். தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி சுமார் முப்பது கிலோமீட்டர். 1983க்குப் பிறகு நகை இருந்தவன், கொழும்பில் வீடு இருந்தவன், அண்ணன் லண்டனில் இருந்தவன் விமானம் ஏறினான். மன்னாரிலும் திரிகோணமலையிலும் இருந்த மீனவனும் விவசாயக் கூலியும் வள்ளம் ஏறி ராமேஸ்வரம் வந்தார்கள். டொராண்டோத் தமிழரையும் கங்கைகொண்டான் தமிழரையும் பெரும்பாலும் பிரித்தது அரசியல் இல்லை, படகுக்கூலி. 1971ல் கிழக்கு வங்கத்திலிருந்து ஒரு கோடிப் பேர் இந்தியாவுக்கு நடந்தே வந்தார்கள். 2017 ஆகஸ்டுக்குப் பிறகு ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட ரோஹிங்கியாக்கள் நாஃப் நதியையும் வயல்வெளிகளையும் தாண்டி வங்கதேசத்தில் காக்ஸ் பஜாரில் போய் நின்றார்கள். எல்லாம் ஒரே கணக்குதான்.

வரவேற்பு மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். 2022ல் உக்ரைன்காரர்கள் வந்தபோது ஐரோப்பிய ஒன்றியம் 2001லிருந்து தூங்கிக்கொண்டிருந்த ஒரு தற்காலிகப் பாதுகாப்பு விதியை முதன்முதலாக எடுத்தது. தனித்தனிக் கேஸ் வேண்டாம், வந்தவுடன் தங்கலாம், வேலை பார்க்கலாம், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கலாம் என்றது. பாராட்ட வேண்டிய காரியம். 2015ல் சிரியாக்காரன் வந்தபோதும் அந்த விதி புத்தகத்தில் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சரி, நம்ம ஊர் முகாமுக்கு வருவோம்.

இந்தியா 1951 உடன்படிக்கையில் கையெழுத்துப் போடவில்லை, 1967 நெறிமுறையிலும் இல்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் கிடையாது. சட்டத்தின் கண்ணில் திபெத்தியர், இலங்கைத் தமிழர், ரோஹிங்கியா, காலாவதியான விசாவோடு சுற்றும் வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணி எல்லாரும் 'வெளிநாட்டவர்'. 1946ம் வருட வெளிநாட்டவர் சட்டம்தான் நெடுங்காலம் ஆண்டது, 2025ல் அதன் இடத்தில் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் வந்திருக்கிறது. யாரை வைத்துக்கொள்வது, எப்படி வைத்துக்கொள்வது என்பதெல்லாம் அந்தந்த அரசின் உத்தரவுகளில் ஓடுகிறது. 1959ல் வந்த திபெத்தியருக்கு ஒரு மாதிரி, நமக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு மாதிரி. அரசியல் சட்டத்தின் 14, 21வது பிரிவுகள் மட்டும் குடிமக்கள் என்று சொல்லாமல் 'எந்த நபரும்' என்று சொல்கின்றன. 1996ல், கிழக்கு வங்கத்திலிருந்து வந்த சக்மா அகதிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைப் பிடித்துக்கொண்டு, அவர்கள் உயிருக்கு அரசு காவல் என்றது. அதே நீதிமன்றம் 2025 மே மாதம் தண்டனை முடித்த ஓர் இலங்கைத் தமிழரின் வழக்கில், உலகத்து அகதிகளையெல்லாம் வைத்துக்கொள்ள இது சத்திரம் அல்ல என்ற பொருள்படப் பேசியது. சட்டம் இல்லாத இடத்தில் எல்லாம் நீதிபதியின் அன்றைய பார்வையைப் பொறுத்துப் போகும்.

1983 ஜூலைக் கலவரத்திலிருந்து தொடங்கி அலை அலையாக மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். இந்திய அமைதிப்படை இலங்கையில் இருந்த காலத்தில் குறைந்து, 1990ல் மறுபடி சண்டை மூண்டதும் கூடி, 1996ல் ஒருமுறை, 2006ல் இன்னொருமுறை. எல்லாரும் முதலில் மண்டபம். அந்த இடத்துக்கு ஒரு பழங்கதை உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளை ஏற்றுமுன் நோய் பரிசோதனைக்காக அடைத்து வைத்த முகாம் அது. இன்றும் ரயில் நிலையத்தின் பெயர் மண்டபம் கேம்ப்தான். போன நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் சீமையிலிருந்து கங்காணி கூட்டிக்கொண்டு போன ஆட்கள் அதன் வழியாகப் போனார்கள், அவர்களின் பேரப்பிள்ளைகளில் சிலர் அகதியாக அதே வழியில் திரும்பினார்கள்.

மண்டபத்தில் பதிவு முடிந்ததும் மாவட்டம் மாவட்டமாகப் பிரித்து அனுப்பினார்கள். அப்படித்தான் கங்கைகொண்டானும், ராதாபுரம் பக்கம் சமூகரெங்கபுரமும், எட்டயபுரம் பக்கம் தாப்பாத்தியும், கடையநல்லூர் பக்கம் போகநல்லூரும் முகாமாயின. தற்காலிகம் என்றுதான் சொன்னார்கள். பத்துக்குப் பத்து அறை, தகரமோ தார்ச்சீட்டோ கூரை. அதில் கல்யாணமும் நடந்தது, பிரசவமும் நடந்தது, சாவும் விழுந்தது. 2021 ஆகஸ்டில் மாநில அரசு 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது. 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவதாகச் சொன்னது, பணக்கொடையைக் கூட்டியது. குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500, மற்றப் பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500. பெயரையும் 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. புது வீடுகள் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் வீட்டுக்குள் இருப்பவர் பெயர் இன்னமும் வெளிநாட்டவர் பட்டியலில்தான் இருக்கிறது.

முகாம் ஆண்களில் பெயிண்டர்கள் அதிகம். வண்ணார்பேட்டையிலும் பெருமாள்புரத்திலும் எழும்பிய அடுக்குமாடிகளில் கயிற்றில் தொங்கி வெளிச்சுவருக்கு வண்ணம் அடித்தவர்களில் பலர் இவர்கள். இது தற்செயல் இல்லை. கடை வைக்க முதலும் லைசென்ஸும் வேண்டும், அரசு வேலைக்குக் குடியுரிமை வேண்டும், வெளிநாடு போக பாஸ்போர்ட் வேண்டும். பெயிண்ட் பிரஷுக்கு ஒரு காகிதமும் வேண்டாம். மாதம் ஒருமுறை ஆள் சரிபார்க்கும் தணிக்கைக்கு மட்டும் வேலையை விட்டுவிட்டு வந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பதிவில் பெயர் தொங்கும். என்னிடம் வந்த ஒருவர், கேரளாவில் நல்ல கூலிக்கு வேலை கிடைத்தும் தணிக்கைத் தேதியை நினைத்து மாதாமாதம் பாதியில் திரும்பிக்கொண்டிருந்தார். இலங்கைத் தமிழில் பேசுவார். கூட வந்த மகன் "எப்பா, சீக்கிரம் வாங்கப்பா, பஸ்ஸு போயிரும்" என்று சுத்தமான நெல்லைத் தமிழில் அவசரப்படுத்தினான்.

ஆதார் பற்றிக் கேட்டீர்கள். ஆதார் இங்கே வசிப்பதற்காகத் தரும் எண். அது குடியுரிமைக்குச் சான்று ஆகாது என்று ஆதார் சட்டத்திலேயே இருக்கிறது. நம்மில் பலரும் அதைப் பெரிய அத்தாட்சியாக நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

போர் முடிந்துவிட்டதே, ஏன் போகவில்லை என்பது நியாயமான கேள்வி. போனவர்கள் இருக்கிறார்கள். 2009க்குப் பிறகு ஐ.நா. ஆணையத்தின் சென்னை அலுவலகம் வழியாகவே பல ஆயிரம் பேர் திரும்பியிருக்கிறார்கள். அதற்கு முன்னால், ராஜீவ் காந்தி கொலைக்குப் பிந்திய சூழலில், 1995 மார்ச் வரை 99,469 பேர் அனுப்பப்பட்டதாக உள்துறை அமைச்சகத்தின் கணக்கு. அதில் எத்தனை பேர் விரும்பிப் போனார்கள் என்பது அன்றைக்கே சர்ச்சையானது. அவர்கள் போய் இறங்கிய கொஞ்ச நாளில் சண்டை மறுபடி மூண்டது, மறுபடி வள்ளம் ஏறி வந்தவர்களும் உண்டு. இந்த அனுபவம் முகாம்களில் மறக்கவில்லை. அப்புறம், போய் எங்கே நிற்பது? யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில் 1990ல் ராணுவம் எடுத்துக்கொண்ட காணிகள் துண்டு துண்டாகத்தான் திரும்பி வந்திருக்கின்றன. மீன்பிடிக் குடும்பத்துக்கு வாடியும் வலையும் கரையில் இடமும் வேண்டும். இங்கே பிறந்து பிளஸ் டூ முடித்தவளுக்கு அந்த ஊரில் யாரைத் தெரியும்? போகலாம் என்பவர்களும் முதலில் வெளியேறும் அனுமதி, பிள்ளைகளுக்கு இலங்கைத் தூதரகத்தில் பிறப்புப் பதிவு, படிப்புச் சான்றிதழ் அங்கே செல்லுமா என்ற கவலை என்று பல கதவைத் தட்ட வேண்டும்.

இது நம் ஊர் விசேஷம் இல்லை. அகதி வாழ்க்கைக்கு மூன்று முடிவுகள்தான் உலகம் முழுக்கச் சொல்வார்கள். சொந்த நாடு திரும்புவது, தங்கிய நாட்டிலேயே கலந்துவிடுவது, மூன்றாவது நாடு ஒன்று கூட்டிப் போவது. மூன்றாவது லாட்டரிச் சீட்டு. 4.27 கோடி அகதிகளில் 2024 முழுக்க அப்படிப் போனவர்கள் 1,88,800 பேர். முதலாவது வழி, நிலவரம் மாறினால் சடசடவென நடக்கும். 2024 டிசம்பரில் அசாத் ஆட்சி விழுந்த பிறகு ஒரு வருடத்துக்குள் பத்து லட்சம் சிரியர்கள் நாடு திரும்பினார்கள். பெயருக்குத் திரும்புதல், உண்மையில் துரத்தல் என்பதும் உண்டு, பாகிஸ்தான் 2023 இறுதியிலிருந்து ஆப்கானியர்களைச் செய்வது போல. இரண்டாவதைத்தான் எந்த அரசும் வாய்விட்டுச் சொல்லாது. சொன்னவர்களும் இருக்கிறார்கள். கொலம்பியா 2021ல் வெனிசுவேலாக்காரர்களுக்குப் பத்து வருடத் தங்கும் உரிமையும் வேலை உரிமையும் கொடுத்தது. மற்ற இடங்களில் மூன்றும் அடைபட்டு, உலக அகதிகளில் பெரும்பகுதி ஐந்து வருடத்துக்கும் மேலாக ஒரே இடத்தில் தேங்கிக் கிடக்கிறார்கள். கங்கைகொண்டான்தான் உலகத்து நடைமுறை. மத்தியதரைக்கடல் படகு விதிவிலக்கு.

கடைசியாக அந்தப் பெண்ணின் குடியுரிமை. இதில் தேதிகள்தான் எல்லாம். 1955ம் வருடக் குடியுரிமைச் சட்டப்படி, 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் இந்தியர். அந்தத் தேதியிலிருந்து 2004 டிசம்பர் 3 வரை பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு பிறந்தவருக்கு ஒருவர் குடிமகனாக இருந்தால் மட்டும் போதாது, மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி'யாக இருக்கக் கூடாது. பாஸ்போர்ட் இல்லாமல் வள்ளத்தில் வந்தவரைச் சட்டம் அப்படித்தான் அழைக்கிறது. 2025 செப்டம்பரில் மத்திய அரசு ஓர் உத்தரவு போட்டது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களை, ஆவணமின்றி இருப்பதற்கான தண்டனையிலிருந்து அது விலக்கியது. பெரிய ஆறுதல்தான், ஆனால் அது குடியுரிமை இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் என்ற மூன்று நாடுகளிலிருந்து வந்தவர்களுக்குத்தான் வழி, இலங்கை இல்லை.

உதாரணத்துக்கு, 1985ல் மண்டபத்தில் பிறந்த ஒரு தாய். அவள் சட்டப்படி இந்தியப் பிரஜை, நாற்பது வருடமாக அவளுக்கே அது தெரியாமல் இருக்கலாம். கணவர் 1990ல் படகில் வந்தவர். மூத்த மகள் 2004 அக்டோபரில் பிறந்தாள், அவள் இந்தியர். தம்பி 2006ல் பிறந்தான், அவன் இல்லை. ஒரே அறை, ஒரே அம்மா. இது வெறும் வாதம் இல்லை. 1986ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் மறுத்தார்கள். 2022ல் மதுரைக் கிளை அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தார்.

இன்னொரு வழியும் உண்டு. முகாமில் கணிசமானவர்கள் மலையகத் தமிழர்கள், அதாவது தேயிலைத் தோட்டங்களுக்கு இங்கிருந்து போனவர்களின் வாரிசுகள். இலங்கை 1948ல் குடியுரிமைச் சட்டம் போட்டு அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964ல் சாஸ்திரி, சிறிமாவோ ஒப்பந்தத்தில் 9,75,000 பேரை இரண்டு நாடுகளும் பங்கு போட்டுக்கொண்டபோது, 5,25,000 பேரை ஏற்பதாக இந்தியா ஒப்புக்கொண்டது. அப்போது முடிவு செய்யாமல் விட்ட 1,50,000 பேரை 1974ல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். அந்தக் காலத்தில் இந்தியக் குடியுரிமைக்கு மனுப் போட்டு, கப்பல் ஏறுவதற்குள் போர் வந்து, அகதியாக வள்ளத்தில் வந்தவர்கள் இருக்கிறார்கள். 2019ல் இப்படிப்பட்ட 65 பேர் வழக்கில், அவர்களை வெறும் சட்டவிரோதக் குடியேறிகளாகத் தள்ளிவிடாமல் மனுவைப் பரிசீலிக்கும்படி மதுரைக் கிளை சொல்லியிருக்கிறது.

ஆகவே தம்பி, உங்கள் தோழியிடம் மூன்று விஷயம் கேட்கச் சொல்லுங்கள். அம்மாவோ அப்பாவோ எந்தத் தேதியில், எங்கே பிறந்தார்கள்? பிறப்புச் சான்று மண்டபம் பக்கத்துப் பதிவு அலுவலகத்தில் இருக்கிறதா? தாத்தா பாட்டியிடம் தோட்டத்துப் பிரஜாவுரிமைக் காகிதமோ பழைய இந்தியப் பாஸ்போர்ட்டோ ஏதாவது இருந்ததா? டிரங்குப் பெட்டியில் கிடக்கும் ஒரு பழுப்பேறிய தாளால் கேஸ் திரும்பியதைப் பார்த்திருக்கிறேன். எதுவும் கிடைக்காவிட்டால் முகாம் பதிவேட்டில் முதல் வருகையின்போது எழுதிய விவரத்தின் சான்று நகல் கேட்டு மனுப் போடலாம். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச சட்ட உதவிக்கு விண்ணப்பம் வாங்குகிறார்கள். அங்கே பெண்களுக்கு வருமான வரம்பு பார்ப்பதில்லை, அதனால் விண்ணப்பத்தை அப்பா பெயரில் போடாமல் அவள் பெயரிலேயே போடச் சொல்லுங்கள்.